மேஃபிளவர் ஸ்டீபன் ஹாப்கின்ஸ்: ஓர் ஆளைப் பின்னாலிருந்து தேடிய பதிவு

மெயின்ஃபிரேம் என்ற பெருங்கணினிகள் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு ஹர்ஸ்லி என்ற பெயர் புதிதில்லை. தென் இங்கிலாந்தில், ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில், வின்செஸ்டரிலிருந்து ரோம்சி போகிற வழியில் உள்ள சின்ன ஊர். அந்தக் கணினிகளில் பரிவர்த்தனைகளைக் கையாளும் சிஐசிஎஸ் மென்பொருளைப் பல பத்தாண்டுகள் பராமரித்து வளர்த்த ஐபிஎம் ஆய்வுக்கூடம் அங்கேதான் இருக்கிறது. நம்மவர்கள் பலர் அங்கே வந்து போயிருப்பார்கள். ஆலிவர் கிராம்வெல்லின் மகன் ரிச்சர்டைப் புதைத்த தேவாலயம் என்ற அளவில் அந்த ஊர்க் கோயிலைச் சிலர் எட்டிப் பார்த்தும் இருப்பார்கள். அதே தேவாலயத்தின் பழைய பதிவேட்டில் எலிசபெத், கான்ஸ்டன்ஸ், கைல்ஸ் என்று மூன்று குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த குறிப்பு இருக்கிறது. அப்பா பெயர் ஸ்டீபன் ஹாப்கின்ஸ். 1620இல் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா போய் பிளிமத் குடியேற்றத்தில் இறங்கியவர்களில் ஒருவர் பெயரும் ஸ்டீபன் ஹாப்கின்ஸ். இருவரும் ஒருவர்தான் என்பது இன்று பெரும்பாலும் எல்லோரும் ஏற்றுக்கொண்ட முடிவு. அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதை ஆவணம் ஆவணமாக நானே சரிபார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அந்த வேலையின் பதிவு இது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஹர்ஸ்லித் தொடர்பை 1998இல் வெளியிட்டவர் காலேப் ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர். விடை தெரிந்த கணக்கைப் படிப்படியாகப் போட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. ஆனால் வம்சாவளி தேடப் பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு படியிலும் சரியாகப் போகிறோமா என்று பார்த்துக்கொள்ள முடிகிறதே.

இதைப் பற்றி ஊரிலிருக்கும் சித்தப்பாவிடம் போனில் சொன்னபோது, "நம்ம பரம்பரைலயே தாத்தாவுக்கு அப்பா பேரு தெரியாது, வெள்ளைக்காரன் பரம்பரை உனக்கு எதுக்குடா?" என்றார். நியாயமான கேள்விதான். "பதிவேடு இருக்கு சித்தப்பா, அதான்" என்றேன். 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பங்குத் தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதற்குப் பிறகு பிறந்த ஒரு சாதாரண ஆளைக்கூட, அந்த ஊர்ப் பதிவேடு தப்பியிருந்தால், பிடித்துவிடலாம்.

தேடலில் நான் பின்பற்றிய ஒரே விதி, சாவிலிருந்து பிறப்பை நோக்கிப் போவது. இணையத்தில் கிடைக்கும் குடும்ப மரங்கள் பல இதற்கு நேர்மாறாகத்தான் வளர்ந்திருக்கின்றன. இங்கிலாந்தில் எங்கேயாவது ஒரு ஸ்டீபன் ஹாப்கின்ஸைப் பிடிப்பது, அவரைக் கப்பலில் ஏற்றிவிடுவது. ஸ்டீபன் ஹாப்கின்ஸ் அப்படி ஒன்றும் அபூர்வமான பெயர் இல்லை. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட ரோட் ஐலண்டுக்காரர் ஒருவருக்கும் அதே பெயர்தான், ஆனால் அவர் வேறு குடும்பம். தேடலில் அவரும் சேர்ந்து வந்து நிற்பார்.

எக்செல்லில் ஒரு ஷீட் திறந்தேன். ஆவணம் எழுதிய தேதி, எழுதியவர், நடந்ததை நேரில் பார்த்தவரா, நான் பார்ப்பது மூலமா, படமா, அச்சுப் பிரதியா, அது சொல்வது என்ன, அதிலிருந்து நான் ஊகிப்பது என்ன என்று பத்திகள். கடைசியில் தரம் என்று ஒரு பத்தி. அதில் நான்கே சொற்கள்தான் போடலாம் என்று வைத்துக்கொண்டேன்: உறுதி, வலு, ஊகம், கதை. ஆவணம் சொல்வதையும் நாம் ஊகிப்பதையும் தனித்தனிப் பத்தியில் எழுதப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் வரிசை, உயில். 1644 ஜூன் 6 தேதியிட்டது. ஜூலை 17இல் சொத்துக் கணக்கு எடுத்திருக்கிறார்கள், ஆகவே இடையிலுள்ள ஆறு வாரத்துக்குள் ஆள் போய்விட்டார். இறந்துபோன மனைவிக்குப் பக்கத்தில், வசதிப்படும் அளவுக்கு அருகே, தன்னைப் புதைக்கும்படி கேட்கிறார். பிறகு ஆரம்பிக்கிறது மாட்டுப் பங்கீடு. மகன் கைல்ஸுக்கு வாரன் அம்மையாரிடம் விட்டிருக்கும் பெரிய காளை. அந்தக் காளையை வாடகைக்கு விட்டதில் அம்மையார் தர வேண்டிய இருபது ஷில்லிங், கைல்ஸின் மகனான பேரன் ஸ்டீபனுக்கு. நிக்கலஸ் ஸ்னோவின் மனைவியான மகள் கான்ஸ்டன்ஸுக்கு ஒரு பெண்குதிரை. டெபோராவுக்கு அகலக் கொம்புக் கறுப்புப் பசுவும் கன்றும், மோட்லி என்ற பசுவில் பாதியும். மற்றப் பாதி டாமரிஸுக்கு. ரூத்துக்கு ரெட் கோல் என்ற பசு. கடைசி மகள் எலிசபெத்துக்கு ஸ்மைகின்ஸ் என்ற பசுவும், யார்மத்தில் கைல்ஸ் வளர்த்துவரும் வாலில்லாத ஒரு கிடேரியும்.

வால் இல்லாத கிடேரி வரைக்கும் எழுதி வைத்திருப்பதைப் படித்தபோது நம்மூர்ப் பாகப்பிரிவினைப் பத்திரங்கள்தான் நினைவுக்கு வந்தன. தேடுபவருக்கு இதில் மாட்டைவிட முக்கியம் பெயர்களின் கூட்டம். ஸ்டீபன், கைல்ஸ், கான்ஸ்டன்ஸ், காலேப், டெபோரா, டாமரிஸ், ரூத், எலிசபெத். இனி எந்த ஊரில் எந்த ஸ்டீபன் ஹாப்கின்ஸ் கிடைத்தாலும் அவரை இந்தக் கூட்டத்தோடு பொருத்தித்தான் பார்க்க வேண்டும். தனிப் பெயர் எதையும் நிரூபிக்காது, பெயர்கள் சேர்ந்து வந்தால்தான் சாட்சி.

உயிலுக்கு முந்தைய பத்தாண்டு பிளிமத் நீதிமன்றப் பதிவேடுகளில் கிடக்கிறது. அவை 19ஆம் நூற்றாண்டிலேயே அச்சாகிவிட்டன, இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். பிறப்பிடம் தேடுபவருக்கு இவற்றால் நேரடிப் பயன் கிடையாது. ஆனாலும் படித்தேன், ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டுமே. 1636 ஜூனில், குடியேற்ற நிர்வாகத்தில் ஆளுநருக்கு உதவியாளராக இருந்துகொண்டே ஜான் டிஸ்டேல் என்பவரை அடித்திருக்கிறார். 5 பவுண்டு அபராதம், அடிபட்டவருக்கு 40 ஷில்லிங். அடுத்த ஆண்டு, ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடியும் முன்பே தன் வீட்டில் ஆட்களைக் குடிக்கவிட்டார் என்று குற்றச்சாட்டு. 1638இல், குவார்ட் (ஏறக்குறைய ஒரு லிட்டர்) ஒரு பென்னி பெறாத பீரை இரண்டு பென்னிக்கு விற்றார் என்று ஒன்று. 1639 டிசம்பரில், பக்கத்து மாசச்சூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றத்தில் 9 பென்சுக்குக் கிடைக்கும் கண்ணாடியை 16 பென்சுக்கு விற்றார் என்று இன்னொன்று. அந்த ஊரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியின் விலை நீதிமன்றம் வரை போயிருக்கிறது!

இவற்றில் டாரதி டெம்பிள் வழக்கு மட்டும் சிரிக்கும்படி இல்லை. அவர் ஹாப்கின்ஸ் வீட்டு வேலைக்காரப் பெண். கர்ப்பமானார். காரணமான ஆர்தர் பீச், ஒரு பூர்வகுடி இளைஞரைக் கொன்ற குற்றத்துக்காக 1638இல் தூக்கிலிடப்பட்டவர். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அந்தப் பெண்ணையும் குழந்தையையும் வைத்துக் காப்பாற்றுவது எசமானின் பொறுப்பு என்றது நீதிமன்றம். ஹாப்கின்ஸ் முடியாது என்றார். அவமதிப்புக்காக அவரைக் காவலில் வைத்தார்கள். கடைசியில் 3 பவுண்டு கொடுத்து, மிச்ச ஒப்பந்தத்தை ஜான் ஹோம்ஸ் என்பவரிடம் தள்ளிவிட்டு வெளியே வந்தார். மேஃபிளவர் முன்னோர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள் இந்தப் பக்கத்தைச் சீக்கிரம் புரட்டிவிடுவார்கள். நான் ஷீட்டில் முழு வரிசையாகச் சேர்த்தேன். ஆவணத்தில் இருக்கிறது, உறுதி.

அடுத்தது பிளிமத் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டு எழுதிய குடியேற்ற வரலாற்றின் கையெழுத்துப் பிரதி. இந்தப் பிரதிக்கே ஒரு பயணக் கதை உண்டு. அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் பாஸ்டனிலிருந்து காணாமல் போய், லண்டனில் ஃபுல்ஹாம் அரண்மனையிலிருந்த லண்டன் பிஷப்பின் நூலகத்தில் கிடைத்து, 1856இல் அச்சேறி, 1897இல் மாசச்சூசெட்ஸுக்குத் திரும்பியது. அதற்குள் கப்பலில் வந்தவர்களின் பட்டியல் ஒன்று. ஸ்டீபன் ஹாப்கின்ஸ், மனைவி எலிசபெத், முன்பு இருந்த மனைவிக்குப் பிறந்த கைல்ஸ், கான்ஸ்டன்டா (கான்ஸ்டன்ஸ்தான்), இந்த மனைவிக்குப் பிறந்த டாமரிஸ், ஓசியானஸ். ஓசியானஸ் கடலிலேயே பிறந்த குழந்தை, பெயரைப் பார்த்தாலே தெரியும். கூடவே எட்வர்ட் டோட்டி, எட்வர்ட் லெய்ஸ்டர் என்று இரண்டு வேலையாட்கள்.

தேடலின் திறவுகோல் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. 1620க்கு முன்பே ஒரு மனைவியை இழந்தவர். அவளுக்குப் பிறந்தவர்கள் கைல்ஸ், கான்ஸ்டன்ஸ் என்ற இருவராவது உண்டு. இரண்டாவது மனைவி பெயர் எலிசபெத். இங்கிலாந்தில் தேட வேண்டிய வடிவம் கிடைத்துவிட்டது.

டாமரிஸ் சிக்கலையும் இங்கேயே முடித்துவிடலாம். 1620 பட்டியலில் ஒரு டாமரிஸ், 1644 உயிலில் ஒரு டாமரிஸ். ஒரே ஆள் என்று எழுதிவிடத் தோன்றும். 1627 மே 22இல் குடியேற்றத்தின் மாடுகளை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்த பட்டியலைத் திறந்தால், ஹாப்கின்ஸ் குடும்பத்தில் ஸ்டீபன், எலிசபெத், கைல்ஸ், காலேப், டெபோரா, அப்புறம் கான்ஸ்டன்ஸும் அவள் கணவன் நிக்கலஸ் ஸ்னோவும் இருக்கிறார்கள். டாமரிஸ் இல்லை, ஓசியானஸும் இல்லை. பிராட்ஃபோர்டு பிற்காலத்தில் எழுதிய குறிப்பில், அந்தத் தம்பதிக்கு இங்கே ஒரு மகனும் நான்கு மகள்களும் பிறந்தார்கள் என்கிறார். மகன் காலேப் மாலுமியாகி பார்படோஸில் இறந்தான். நான்கு மகள்கள் யார்? உயிலில் இருப்பவர்களில் கப்பலில் வந்த கான்ஸ்டன்ஸைக் கழித்தால் டெபோரா, டாமரிஸ், ரூத், எலிசபெத். சரியாக நான்கு. கப்பலில் வந்த டாமரிஸே உயில் டாமரிஸாக இருந்தால் அமெரிக்காவில் பிறந்தவர்கள் மூன்றாகிவிடும், கணக்கு உதைக்கும். ஆக முதல் டாமரிஸ் 1627க்குள் இறந்து, பின்னால் பிறந்த இன்னொரு பெண்ணுக்கு அதே பெயரை வைத்திருக்கிறார்கள். இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பது அந்தக் காலத்தில் சகஜம். ஷீட்டில் டாமரிஸுக்கு இரண்டு வரிசை. தரம்: வலு.

இப்போது அட்லாண்டிக்கைத் தாண்டி லண்டன். வைட்சேப்பல் புனித மேரி மாட்ஃபெலன் தேவாலயத்தில் ஸ்டீபன் ஹாப்கின்ஸுக்கும் எலிசபெத் ஃபிஷருக்கும் திருமணம். பதிவேட்டில் தேதி 1617 பிப்ரவரி 19. புதிதாகத் தேடுகிறவர்கள் இந்த இடத்தில் நின்று நிதானிக்க வேண்டும். அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறக்கும். ஆகவே பதிவேட்டில் 1617 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்குக்கு அது 1618 பிப்ரவரி. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையான எந்தத் தேதியையும் 1617/18 என்று இரட்டை ஆண்டாகவே எழுதிக்கொள்வது நல்லது. ஒரு வருஷத்தை யாரோ வழியில் திருத்தினார்களா இல்லையா என்ற சந்தேகம் பிறகு வராது.

அந்தத் தேவாலயம் இப்போது இல்லை. 1940 டிசம்பரில் குண்டுவீச்சில் அழிந்தது. இருந்த இடம்தான் இன்றைய அல்தாப் அலி பூங்கா. 1978இல் இனவெறித் தாக்குதலில் கொல்லப்பட்ட வங்காளித் தொழிலாளியின் பெயர் அது. வைட்சேப்பல் பக்கம் போகிறவர்கள் ஓரமாகக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இந்தத் திருமணத்துக்கு 'வலு' போட்டேன். மனைவி பெயரும் காலமும் பிராட்ஃபோர்டின் பட்டியலோடு பொருந்துகின்றன, ஆனால் மணமகன் எந்த ஊர்க்காரர் என்று பதிவேடு சொல்லவில்லை.

அடுத்து ஹாம்ப்ஷயர். மாவட்ட ஆவணக் காப்பகம் வின்செஸ்டர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இத்தகைய இடங்களுக்குப் போகிறவர்கள் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் எடுத்துப் போக வேண்டும். உள்ளே பென்சில்தான், பேனா கூடாது. பை, தண்ணீர் எல்லாம் வெளியே லாக்கரில். பழைய பங்குப் பதிவேடுகளைப் பெரும்பாலும் கையில் தர மாட்டார்கள், படமெடுத்த பிரதியில்தான் பார்க்க வேண்டும். என்ன பார்க்கப்போகிறோம் என்று முன்கூட்டியே அட்டவணையில் தேடி எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் ஒரு நாள் மிச்சம்.

உண்மையான தடை கையெழுத்து. 1600களின் செயலாளர் எழுத்து என்ற பாணி முதல் பார்வையில் ஆங்கிலமாகவே தெரியாது. சி எழுத்து நம் ஆர் போல இருக்கும். ஈ எழுத்து திரும்பிக்கொண்டு நிற்கும். எச் எழுத்தின் வால் கோட்டுக்குக் கீழே சுருண்டு கிடக்கும். எஸ் நீட்டமாக வந்து எஃப் என்று ஏமாற்றும். நான் செய்தது இதுதான்: தேடும் பெயரை உடனே தேடாமல், பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் சொற்களை முதலில் எடுத்தேன். ஞானஸ்நானப் பக்கமென்றால் மகன், மகள், ஞானஸ்நானம், மாதப் பெயர் இவை ஒவ்வொரு வரியிலும் வரும். என்ன சொல் என்று தெரியும் என்பதால், அதே எழுத்தர் ஒவ்வொரு எழுத்தையும் எப்படிப் போடுகிறார் என்று அதிலிருந்தே ஒரு அரிச்சுவடி தயாராகிவிடும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர்களுக்குப் போக வேண்டும். பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் இதற்கு இலவசப் பயிற்சியும் உண்டு, அதைச் செய்துவிட்டுப் போனால் கண் பழகியிருக்கும். லத்தீனில் எழுதும் பாதிரியாராக இருந்தால் கைல்ஸ் என்ற பெயர் எகிடியஸ் என்று வரும், அதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஹாப்கின்ஸில் ஐ இருக்க வேண்டிய இடத்தில் ஒய் இருந்தாலும் தாண்டிப் போய்விடக் கூடாது.

ஹர்ஸ்லிப் பதிவேட்டில் இருப்பது இது. எலிசபெத், 1604/05 மார்ச் 13. கான்ஸ்டன்ஸ், 1606 மே 11. கைல்ஸ், 1607/08 ஜனவரி 30. மூவரும் ஸ்டீபன் ஹாப்கின்ஸின் பிள்ளைகள். கான்ஸ்டன்ஸ் அந்தக் காலத்துக் கிராமத்தில் அவ்வளவாகக் காணாத பெயர். அது கைல்ஸோடும் ஸ்டீபனோடும் ஒரே வீட்டில் வருகிறது. வயதும் இடிக்கவில்லை. மேஃபிளவர் புறப்பட்டபோது கான்ஸ்டன்ஸுக்கு 14, கைல்ஸுக்கு 12. கான்ஸ்டன்ஸ் 1627க்குள் திருமணமானவள் என்பதும் சரியாக உட்கார்கிறது.

அதே ஊரில் 1613 மே 9இல் மேரி ஹாப்கின்ஸ் என்ற பெண்ணின் அடக்கம். மூன்று நாள் கழித்து, மே 12இல், அவள் சொத்தை நிர்வகிக்க வின்செஸ்டரில் ஒரு உத்தரவு. நிர்வாகம் யாருக்கு? ஹர்ஸ்லி ஊரின் ஏழைகள் பராமரிப்பாளர்கள் இருவருக்கு. பிள்ளைகள் வளரும் வரை அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் பெயர் எலிசபெத், கான்ஸ்டன்ஸ், கைல்ஸ். முன்பு இருந்த மனைவி என்று பிராட்ஃபோர்டு ஒற்றைச் சொல்லில் கடந்துபோன பெண் இவள்தான்.

இந்தக் காகிதத்தில் என்னை நிறுத்திய சொல் ஒன்று உண்டு. மேரியை விதவை என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஸ்டீபன் ஐந்து வருஷம் கழித்து வைட்சேப்பலில் மறுமணம் செய்கிறார். கணவன் உயிரோடிருக்க, மனைவி விதவையாகச் சாகிறாள், பிள்ளைகள் ஊர்ப் பொறுப்பில் நிற்கிறார்கள். அப்பா எங்கே போயிருந்தார்?

1609 ஜூன் 2இல் இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனுக்கு ஒரு கப்பற்கூட்டம் கிளம்பியது. தலைமைக் கப்பலான சீ வெஞ்சர் புயலில் பிரிந்து, ஜூலை 28இல் பெர்முடா தீவருகே பாறையில் சிக்கியது. ஏறக்குறைய 150 பேரும் உயிரோடு கரையேறினார்கள். தீவிலேயே மரம் வெட்டி டெலிவரன்ஸ், பேஷன்ஸ் என்று இரண்டு சிறு கப்பல்கள் கட்டி, 1610 மே 10இல் புறப்பட்டு வர்ஜீனியா போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பத்து மாதத்தை நேரில் இருந்து எழுதியவர் வில்லியம் ஸ்ட்ரேச்சி. அவர் குறிப்பில் ஸ்டீபன் ஹாப்கின்ஸ் என்ற ஆள் வருகிறார். வேதம் நன்றாகத் தெரிந்தவர், எடுத்து வாதாடத் தெரிந்தவர், அதனாலேயே பாதிரியார் இவரை ஞாயிறுகளில் பைபிளின் சங்கீதங்களையும் அதிகாரங்களையும் வாசிக்க எழுத்தராக வைத்துக்கொண்டார்.

1610 ஜனவரி 24இல் இவர் இரண்டு பேரிடம் மெல்லப் பேச்சுக் கொடுக்கிறார். கப்பல் உடைந்த அன்றே ஆளுநரின் அதிகாரமும் முடிந்துவிட்டது, இனி எவரும் எவருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை, அவரவர் தன்னையும் தன் குடும்பத்தையும் பார்த்துக்கொள்ளலாம் என்பது வாதம். இந்தத் தீவில் சாப்பாடு நிறைய இருக்கிறது, வர்ஜீனியா போனால் முதல் போட்டவர்களுக்காக ஆயுள் முழுக்க உழைக்க வேண்டியதுதான் என்றும் சொல்கிறார். கேட்ட இருவரும் போய்ச் சொல்லிவிட்டார்கள். கலகக் குற்றம், மரண தண்டனை. அவர் அழுது புலம்பி, தான் செத்தால் மனைவியும் பிள்ளைகளும் நாசமாவார்கள் என்று மன்றாட, கேப்டன் நியூபோர்ட் முதலானோர் போய்ப் பேசி மன்னிப்பு வாங்கிக் கொடுத்தார்கள்.

மனைவியும் பிள்ளைகளும். ஹர்ஸ்லியில் அந்த நேரத்தில் மேரியும் மூன்று குழந்தைகளும். 1608 ஜனவரிக்குப் பிறகு அந்த வீட்டில் ஞானஸ்நானம் இல்லை. 1609இல் கப்பல் ஏறியவர் என்றால் பொருந்துகிறது. கப்பல் தொலைந்த செய்தியும் அதன் பிறகான வருஷங்களும் சேர்ந்து மேரியை விதவையாக்கியிருக்கலாம் என்பது என் ஊகம், ஊகப் பத்தியில்தான் எழுதியிருக்கிறேன்.

பெர்முடா ஆளும் மேஃபிளவர் ஆளும் ஒருவரே என்று நேராகச் சொல்லும் ஒற்றை வரி கிடையாது, பொருத்தங்கள்தான். பிளிமத்தின் முதல் மாதங்களைப் பற்றி 1622இல் லண்டனில் அச்சான விவரணையைப் படித்தால், புது நாட்டில் இறங்கியவர்களிடையே ஹாப்கின்ஸ் மட்டும் கொஞ்சம் பழகியவர் போலவே நடந்துகொள்கிறார். 1620 நவம்பரில் காட்டுக்குள் போன முதல் குழுவுக்கு ஆலோசகர்களில் ஒருவர். வளைத்துக் கட்டிய இளமரத்தையும் அதன் கீழே சிதறிய கருவாலிக் காய்களையும் பார்த்து அது மான் பிடிக்கும் கண்ணி என்று சொன்னவர் அவர். பின்னால் வந்த பிராட்ஃபோர்டின் கால் அதில் மாட்டிக்கொண்டது. 1621 மார்ச்சில் சமோசெட் என்ற பூர்வகுடி மனிதர் குடியேற்றத்துக்குள் நடந்து வந்தபோது, அன்றிரவு அவரைத் தங்கவைத்தது ஹாப்கின்ஸ் வீட்டில். ஜூலையில் வாம்பனோக் தலைவர் மாசசாய்ட்டைப் பார்க்க எட்வர்ட் வின்ஸ்லோவோடு அனுப்பப்பட்டவரும் அவரே.

இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. மேஃபிளவர் போக வேண்டிய வர்ஜீனியா எல்லைக்கு வடக்கே ஒதுங்கியதும், கப்பலில் சிலர் முறைத்துக்கொண்டு பேசினார்கள் என்று பிராட்ஃபோர்டு எழுதுகிறார். அனுமதிப் பத்திரம் வர்ஜீனியாவுக்குத்தானே, இங்கே எங்களை அடக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை, கரையில் இறங்கினால் எங்கள் இஷ்டம் என்றார்களாம். பெர்முடாவில் கேட்ட அதே சட்ட வாதம். அந்தப் பேச்சுக்குப் பதிலாகத்தான் 1620 நவம்பர் 11இல் 41 பேர் கையெழுத்திட்ட மேஃபிளவர் உடன்படிக்கையே வந்தது, அதில் ஹாப்கின்ஸும் கையெழுத்திட்டவர். முணுமுணுத்தவர்கள் யாரென்று பிராட்ஃபோர்டு பெயர் சொல்லவில்லை. குரலை வைத்து ஆளைப் பிடிக்க எனக்கும் ஆசைதான், ஆனால் ஷீட்டில் ஊகத்துக்கு மேலே ஏற்றவில்லை. குடும்பம், காலம், பழக்கம் மூன்றையும் சேர்த்துப் பெர்முடா ஆளுக்கு 'வலு' கொடுத்தேன். பெர்முடாக் கப்பற்சேதத்தை வைத்து ஷேக்ஸ்பியர் எழுதிய நாடகத்தில் வரும் குடிகார ஸ்டெஃபானோ இவர்தான் என்று சொல்பவர்களும் உண்டு. அது 'கதை'.

இந்த அளவுகோலைப் பழைய கொள்கைமீதும் வைத்துப் பார்த்தேன். 1998 வரை பல நூல்களிலும், இன்றும் எண்ணற்ற இணையக் குடும்ப மரங்களிலும், இவர் க்ளஸ்டர்ஷயரின் வொட்டன் அண்டர் எட்ஜ் பக்கத்திலுள்ள வோர்ட்லியைச் சேர்ந்தவர் என்றிருக்கும். முதல் மனைவி கான்ஸ்டன்ஸ் டட்லி என்று ஒரு பிரபுக் குலப் பெயரும் ஒட்டியிருக்கும். வோர்ட்லியில் ஒத்துப்போவது ஹாப்கின்ஸ் என்ற பெயர் மட்டும்தான், கூட்டம் இல்லை. டட்லி அம்மையாருக்கு ஆவணமே இல்லை. ஹர்ஸ்லியில் பெயர்களும் வரிசையும் மனைவியின் சாவும் எல்லாம் கூடி வருகின்றன. ஆகவே ஹர்ஸ்லிக்கு 'உறுதி', வோர்ட்லியை அழிக்காமல் 'கதை' என்று குறித்து வைத்தேன். அழித்துவிட்டால் ஆறு மாதம் கழித்து யாராவது அனுப்பும் குடும்ப மரத்தைப் பார்த்து மறுபடியும் முதலிலிருந்து யோசிக்க வேண்டிவரும்.

மிச்சமிருப்பது பிறப்பு. ஆண்டோவர் பக்கத்தில் அப்பர் க்ளாட்ஃபோர்டு என்ற ஊரின் பதிவேட்டில் 1581 ஏப்ரல் 30இல் ஜான் ஹாப்கின்ஸின் மகன் ஸ்டீபனுக்கு ஞானஸ்நானம். ஹர்ஸ்லியிலிருந்து நேர்கோட்டில் இருபது கிலோமீட்டர் சுற்றுத்தான். 2004இல் வெளியான ஆய்வு இவரையே நம் ஆள் என்றது, ஆனால் அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே 'அநேகமாக' என்று போட்டிருந்தார்கள். நேர்மையான தலைப்பு. அப்பா ஜான் பிற்பாடு வின்செஸ்டருக்குக் குடிவந்து 1593இல் இறந்தார். அப்போது இந்தப் பையனுக்குப் பன்னிரண்டு வயது. 1581இல் பிறந்தவர் 1605இல் முதல் குழந்தைக்குத் தகப்பனாவதும், வின்செஸ்டரில் வளர்ந்தவர் பக்கத்து ஹர்ஸ்லியில் குடித்தனம் வைப்பதும் இயல்பு. எதிராக எதுவும் இல்லை. ஆனால் க்ளாட்ஃபோர்டு ஸ்டீபனையும் ஹர்ஸ்லி ஸ்டீபனையும் ஒரே காகிதத்தில் கட்டும் பெயர்க் கூட்டம் இங்கே இல்லை.

அதனால் குடும்ப மர மென்பொருளில் ஜானையும் அவர் மனைவி எலிசபெத்தையும் பெற்றோராக ஏற்றிவிட்டு, இணைப்புக் கோட்டை மட்டும் புள்ளிக்கோடாக மாற்றினேன். குறிப்புப் பெட்டியில் தரம் வலு, காரணம் காலமும் இடமும் என்று எழுதியாயிற்று. வின்செஸ்டர் நகர வரிப் பட்டியல்களும், ஹர்ஸ்லியை உள்ளடக்கிய மெர்டன் பண்ணையின் குத்தகைப் பதிவுகளும் அடுத்துப் பார்க்க வேண்டியவை. குத்தகைப் பதிவுகள் லத்தீனில், அதுவும் சுருக்கெழுத்தாக இருக்கும் என்பதால் முதலில் அந்தச் சுருக்கங்களின் பட்டியலை எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.